இரண்டு 161

ஹாய்ட் ரம்ஸி என்ற மனிதரை, அவர் எனக்கு அறிமுகமான மூன்றாவது நிமிஷத்தில் ஃபிராடு என்று சொல்லிவிட்டேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. ஆனால் அன்றைக்கு நியாயம் முழுக்க என் பக்கம் இருப்பதாகத்தான் பட்டது. ஒரு கையில் கோலாச்சி என்ற இனிப்பு ரொட்டிக்குப் பிசைந்த மாவு, இன்னொரு கையில் போன், அடுப்பு வேறு சூடாகிக்கொண்டிருந்தது.

அவர் ஓக்லஹோமாவிலிருந்து பேசினார்.

"அம்மா, டீட்ஸ் கித்தாருக்கு வருஷம் பாத்துச் சொல்றவங்க நீங்கதானாமே?"

"நானேதான். நெல்டா குபேனா. நம்பர் சொல்லுங்க."

"நூத்தி அறுபத்தொண்ணு."

"இன்னொரு தரம் பாத்துச் சொல்லுங்க."

"ஒண்ணு, ஆறு, ஒண்ணு. நல்லா வெளிச்சத்துலதான் பாக்கறேன்."

"அது இருக்காதுங்க. நூத்தி அறுபத்தொண்ணு இங்க டெக்சஸ்ல, எங்க ஊர்ல இருக்கு. வாரா வாரம் அதுக்குப் பக்கத்துல உக்காந்துதான் நான் அக்கார்டியன் வாசிக்கறேன். உங்க தலையில எவனோ போலியைக் கட்டிட்டான். இல்ல, நீங்க என் தலையில கட்டப் பாக்கறீங்க."

அவர், "போட்டோ அனுப்பறேன், பாருங்க" என்று மரியாதையாகவே சொல்லிவிட்டு வைத்தார். மரியாதையாகப் பேசும் ஏமாற்றுக்காரர்களைத் தபாலாபீசில் நிறையப் பார்த்திருக்கிறேன் என்று எண்ணிக்கொண்டு மாவுக்குத் திரும்பினேன்.

எனக்கு ஏன் இவ்வளவு திமிர் என்று கேட்பீர்கள். ஹில்மர் டீட்ஸ் என் தாய்மாமன். வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் தனியாளாக உட்கார்ந்து, 1962 முதல் 1971 வரை இருநூற்று முப்பது பெடல் ஸ்டீல் கித்தார் செய்தவர். நாலு கால் வைத்த பலகை மாதிரி இருக்கும் அது. பத்து தந்தி, கீழே காலால் அழுத்த மிதிகள், முழங்காலால் தள்ள நெம்புகோல்கள். வாசிப்பவர் அதன் முன் உட்கார்ந்து, வழவழப்பான எஃகுக் கட்டையைத் தந்தி மேல் வழுக்கவிட்டால் கல்லும் அழும். மாமா போன பிறகு கொட்டகை தீப்பிடித்து, அவருடைய காகிதமெல்லாம் சாம்பலாகிவிட்டது. அதனால் ஒரு டீட்ஸ் எந்த வருஷத்தது என்று தெரிய வேண்டுமானால் அடியில் குத்தியிருக்கும் வரிசை எண் ஒன்றுதான் வழி. அந்த எண்ணையும் வருஷத்தையும், கடிதம் போட்டும் போன் போட்டும் இருபத்தைந்து வருஷமாகச் சேர்த்து ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். இருநூற்று முப்பதில் நூற்று எண்பத்தேழு கிடைத்துவிட்டது. கனடாவிலிருந்து கூடக் கூப்பிடுகிறார்கள். எனக்குக் கொம்பு முளைத்துவிட்டது என்று என் கணவர் சொல்வார். முளைத்துத்தான் இருந்தது.

நான் எங்கள் ஊர்த் தபாலாபீசில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தவள். பேரைத் தப்பாக எழுதலாம், தெருவை மறந்துவிடலாம், எண் சரியாக இருந்தால் கடிதம் வீடு போய்ச் சேரும். மனிதர்களை நம்புவதை விட எண்களை நம்புவது எனக்குச் சுலபமாக இருந்ததும் அதனால்தான்.

இப்போது எங்கள் ஊர் 161-இன் கதை. அது ஆர்லன் ஓர்சாக்கின் கித்தார். ஞாயிறுதோறும் மத்தியானம் இரண்டு மணிக்குக் காட்டன்வுட் ஹாலில் நடனம் தொடங்கும்போது மேடையில் எனக்கு இடப்பக்கம் அவன் உட்கார்ந்திருப்பான். வயது அறுபத்தைந்து. ஆறடி நாலு அங்குலம். அவனுடைய அப்பா எம்மெட்டும் அப்படித்தான். நெட்டை எம்மெட் என்றுதான் ஊரில் பெயர். 1967 பிப்ரவரியில் எம்மெட் நெஞ்சுவலியில் போய்விட்டார். ஆர்லனுக்குப் பதின்மூன்று முடிய அப்போது இன்னும் மூன்று மாதம் இருந்தது. வருஷம் திரும்புவதற்குள் அவன் அம்மா ரோசலி, லாடி ஹோலுப் என்பவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். லாடி, மாவட்டத்து மண்சாலைகளைச் சமன்செய்யும் வண்டி ஓட்டியவர். நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். ஊர் என்னென்னவோ பேசியது. பையன் அந்தப் பேச்சையெல்லாம் கேட்டுக்கொண்டு வளர்ந்தான்.

1968 மே மாதம், ஆர்லனுடைய பதினாலாவது பிறந்தநாளன்று வீட்டுக்கு ஒரு புது டீட்ஸ் வந்தது. "உங்கப்பா சாகறதுக்கு முன்னாடியே உனக்காகச் சொல்லி வெச்சது. அப்பவே செஞ்சு முடிச்சாச்சு, உனக்குப் பதினாலு ஆகட்டும்னு டீட்ஸ்கிட்டயே இருந்துச்சு" என்றாள் ரோசலி. செத்துப்போன அப்பாவிடமிருந்து வந்த பரிசு. அவன் அதைப் பிடித்துக்கொண்டான், விடவே இல்லை.

இருபது வருஷத்துக்கு முன்னால் ரோசலி இறந்தபோது, அடக்கம் முடிந்த கையோடு ஏதோ ஒரு சித்தி அவன் காதில் சந்தேகத்தைப் போட்டுவிட்டாள். எம்மெட்டுக்கு நாளைக்கு என்ன என்று யோசிக்கிற வழக்கமே கிடையாது, அவனாவது முன்கூட்டிச் சொல்லி வைப்பதாவது என்று. அடுத்த ஞாயிறு நடனம் முடிந்ததும் ஆர்லன் என்னை மேடையில் நிறுத்தினான்.

"நெல்டா, நம்பரைப் பாத்துச் சொல்லு. இது எங்கப்பா உசிரோட இருந்தப்ப செஞ்சதா, இல்ல அம்மா எனக்குக் கதை சொன்னாளா?"

ஸ்டீல் கித்தாரைக் காலைக் கழற்றிப் பெட்டியில் வைக்கும்போது கவிழ்த்துப் போட்டுத்தான் வைப்போம், அடிப்பக்கம் மேலே இருக்கும். பெட்டி சுவர் ஓரமாகக் கிடந்தது. நான் இந்தப் பக்கம் குனிந்து பார்த்தேன். பளிச்சென்று 161.

"1966 அக்டோபர்" என்றேன். "உங்கம்மா சொன்னது சத்தியம்."

அவன் மேடை விளிம்பில் உட்கார்ந்து, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி அழுதான். செத்தவர் போட்ட கடிதத்தைச் சரியான வீட்டில் கொண்டு சேர்த்த தபால்காரி மாதிரி நான் பக்கத்தில் நின்றேன். என் வாழ்க்கையில் நான் செய்த உருப்படியான காரியம் என்று அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆர்லன் நல்லவன். ஆனால் மாற்றாந்தகப்பன் விஷயத்தில் மட்டும் அவனுக்குள் ஒரு முள் இருந்தது. லாடியை அவன் ஒரு நாளும் அப்பா என்று கூப்பிட்டதில்லை. ஐம்பத்தோரு வருஷமாக "ஹோலுப் சார்"தான். கிறிஸ்துமஸுக்குப் போய்க் கைகுலுக்கிவிட்டு வருவான். அதோடு, ஞாயிறுதோறும் கடைசிச் சுற்றுக்கு முன்னால் மைக்கைப் பிடித்து ஒரு கதை சொல்வான். ஊருக்கே மனப்பாடம்.

"எங்கம்மா ரெண்டாங் கல்யாணம் பண்ணின புதுசு. 1968. ஹோலுப் சார் ஒரு நாள் டேப்பை எடுத்துட்டு வந்து, 'நில்லுடா'ன்னு என் காலை அளந்தாரு. தரையிலேருந்து முட்டி வரைக்கும். என்னத்துக்கு சார்னேன். 'உனக்கு ஞாயித்துக்கிழமைக் கால்சட்டை தைக்க'ன்னாரு. மக்களே, அம்பத்தோரு வருஷம் ஆச்சு..."

இங்கே நிறுத்துவான். ஹால் முழுக்க ஒரே குரலில், "இன்னும் கால்சட்டை வரல!" என்று கத்தும்.

மின்விசிறிக்குப் பக்கத்து மேஜையில், எண்பத்தைந்து வயது லாடி ஹோலுப் பீர் பாட்டிலைப் பார்த்தபடி சிரிப்பார். ஒரு ஞாயிறு தவறாமல் வருவார், ஒரு ஞாயிறு தவறாமல் இதைக் கேட்பார். கீழே இறங்கி வந்ததும் ஆர்லன் என்னிடம் முணுமுணுப்பான்: "ஒரு மனுசன் சாகப்போற நேரத்துலயும் எனக்குக் கித்தார் சொல்லி வெச்சான். இன்னொருத்தனுக்கு உசிரோட இருந்தும் ஒரு கால்சட்டை தைக்கத் துப்பில்ல." நானும் தலையாட்டுவேன். இதையும் சொல்லிவிட வேண்டும், தலையாட்டினேன்.

ஹாய்ட் ரம்ஸி கூப்பிட்ட அந்த வியாழனுக்குப் பின் வரும் ஞாயிறு, ஹாலுக்கு நூறாவது வருஷ விழா. ஆர்லன் தன் கித்தாரை ஹாலுக்கே கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருந்தான். வாசலருகே கண்ணாடி அலமாரி தயார். உள்ளே நெட்டை எம்மெட்டின் படம். பித்தளைத் தகடு நான் சொல்லிச் செய்தது: "டீட்ஸ் எண் 161. 1966. எம்மெட் ஓர்சாக் தன் மகனுக்குக் கடைசியாகக் கொடுத்தது."

ஹாய்ட் அனுப்பிய போட்டோ அரைமணி நேரத்தில் வந்தது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு போலியைக் கண்டுபிடிக்கத் தயாராக உட்கார்ந்தேன். எண் 161. கடைசி ஒன்று கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்திருந்தது. மாமாவுக்கு இடது கண்ணில் பார்வை குறைவு. மூன்றாவது இலக்கம் எப்போதும் சாயும். அதைப் போலி செய்ய ஆள் பிறக்கவில்லை.

அப்படியானால் இரண்டு 161-ஆ?

மாமாவின் எண் குத்தும் உளிகள் என் சமையலறை இழுப்பறையில்தான் கிடக்கின்றன. எனக்கென்று அவர் விட்டுப்போன ஒரே சொத்து. அதில் ஒன்பது உளிதான் உண்டு. பூஜ்யம் முதல் எட்டு வரை. ஒன்பதுக்குத் தனி உளி கிடையாது. ஆறைத் தலைகீழாகப் பிடித்துக் குத்தினால் ஒன்பது. இது எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். தெரியும் என்பதுதான் வெட்கக்கேடு.

இழுப்பறையைத் திறந்தேன். தட்டில் பரப்பி வைத்திருந்த கோலாச்சி மாவில் ஒன்று, ஆறு, ஒன்று என்று குத்தினேன். 161. தட்டை எதிர்ப்பக்கமாகத் திருப்பினேன்.

191.

மாமாவின் ஒன்று வெறும் கோடு. எப்படித் திருப்பினாலும் ஒன்றுதான். பட்டியலை எடுத்துப் பார்த்தேன். 190 இருக்கிறது. 192 இருக்கிறது. 191-க்கு நேரே என் கையெழுத்திலேயே "கிடைக்கவில்லை" என்று எழுதியிருந்தது. கிடைக்காமல் என்ன, வாரா வாரம் என் இடது முழங்கைக்குப் பக்கத்தில் அழுதுகொண்டிருந்தது.

மனசு அவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொள்ளவில்லை. என்னிடம் இருந்த டீட்ஸ் போட்டோ எல்லாவற்றையும் மேஜையில் பரப்பினேன். 174, 88, 203, கைக்கு வந்ததையெல்லாம். மாமா எல்லாக் கித்தாரையும் கவிழ்த்துப் போட்டு ஒரே பக்கத்தில் நின்றுதான் குத்தியிருக்கிறார். எண்ணை நேராகப் படிக்கும்போது, தந்தி முறுக்கும் சாவிகள் இருக்கும் தலை எப்போதும் இடது கைப்பக்கம். ஹாய்டின் 161-இலும் இடது கைப்பக்கம். ஆர்லனுடையதை 161 என்று படித்தால் மட்டும் சாவித்தலை வலது கைப்பக்கம் போய்விடுகிறது. பெட்டி சுவர் ஓரமாகக் கிடந்ததால் நான் நின்ற பக்கம் தப்பு. 174-ஐத் தலைகீழாகப் பார்த்தால் எந்த மடையனுக்கும் தெரிந்துவிடும், சுற்றி வந்து படிப்பான். இது எந்தப் பக்கம் நின்றாலும் ஒழுங்கான எண்ணாக நின்று என்னை ஏமாற்றிவிட்டது.

191 என்றால் 1968 ஏப்ரல். எம்மெட் ஓர்சாக் மண்ணுக்குள் போய்ப் பதினாலு மாதம் ஆகியிருந்தது.

அடுப்பில் வைத்திருந்த கோலாச்சி கருகியது. அது கிடக்கட்டும். முதலில் ஹாய்ட் ரம்ஸியைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். அவர் பெருந்தன்மையாகச் சிரித்தார்.

"விடுங்கம்மா. எங்க வீட்டுலயே என்னை அப்படித்தான் சொல்றாங்க. அது சரி, அடியில பென்சில்ல இருபத்தி ரெண்டுன்னு எழுதியிருக்கே, அது என்ன?"

"அது வாங்கறவங்க முட்டி உயரம். தரையிலேருந்து எத்தனை அங்குலம்னு. முழங்கால் நெம்புகோலை அந்த உயரத்துக்குப் பொருத்தணும் இல்லையா, அதுக்கு எங்க மாமா எழுதி வெச்சுக்குவாரு."

போனை வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். சும்மா இருந்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. தகடு செய்தாயிற்று. அவன் அம்மாவும் இல்லை, என் மாமாவும் இல்லை. தெரிந்தவள் நான் ஒருத்தி. ஓக்லஹோமாக்காரருக்கு இங்கே என்ன வேலை? ஒரு மனிதன் அறுபத்தைந்து வயதில் நிம்மதியாக நம்பிக்கொண்டிருப்பதைப் போய்ப் பிடுங்குவானேன்? ஆனால் தப்பான வீட்டில் கடிதத்தைப் போட்டுவிட்டோம் என்று தெரிந்தபின் எந்தத் தபால்காரிக்கும் தூக்கம் வராது. சனிக்கிழமை காலை வண்டியை எடுத்தேன்.

ஆர்லன் தன் பட்டறையில் கித்தாருக்குக் கடைசி மெருகு போட்டுக்கொண்டிருந்தான். விழாவுக்காகப் புதுச் சட்டை வேறு வாங்கி மாட்டி வைத்திருந்தான். அதைப் பார்த்ததும் என் தைரியத்தில் பாதி போய்விட்டது.

"என்ன நெல்டா, முகத்துல ஈயாடல?"

"நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன் ஆர்லன்."

"நீயா? இன்னைக்கு மழை வரும்."

சொன்னேன். உளியையும் கொண்டுபோயிருந்தேன். ஒரு அட்டையில் குத்தித் திருப்பிக் காட்டினேன். சாவித்தலையைக் காட்டினேன். அவன் கித்தாரைக் கவிழ்த்துப் போட்டு, சுற்றி இந்தப் பக்கம் வந்து பார்த்தான், அந்தப் பக்கம் போய்ப் பார்த்தான். முகம் மெல்லச் சிவந்தது.

"இருபது வருஷம் முன்னாடி இதே வாயாலதானே சொன்ன, உங்கம்மா சொன்னது சத்தியம்னு?"

"ஆமா."

"நான் உன்னைக் கேட்டேனா? இன்னைக்கு வந்து சொல்லுன்னு கேட்டேனா?"

"கேக்கல."

"அப்ப எங்கம்மா பொய் சொன்னா. எங்கப்பா எனக்குன்னு ஒண்ணுமே விட்டுட்டுப் போகல. அதானே?" மெருகுத் துணியைத் தூக்கிச் சுவரில் எறிந்தான். "அப்ப இது எவன் குடுத்தது?"

அவன் மறுபடி குனிந்து எண்ணை வெறித்தான். பிறகு அதற்குப் பக்கத்தில் மங்கலாக இருந்த பென்சில் எழுத்தின் மேல் விரலை வைத்தான்.

"இது என்ன, பதினேழே முக்கால்?"

"வாங்கறவங்க முட்டி உயரம்" என்றேன். "தரையிலேருந்து."

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. பதினேழே முக்கால் அங்குலம் எந்த வளர்ந்த ஆளுடைய முட்டியும் இல்லை. நான் பார்த்த நாளாக அந்தக் கித்தார் ஆர்லனுக்குக் குட்டை. நாலு காலுக்கும் அடியில் மரக்கட்டை வைத்துத்தான் வாசிப்பான். கேட்டவர்களுக்கெல்லாம், "அறுபதுகளில் வந்த டீட்ஸ் அப்படித்தான், குட்டையாக இருக்கும்" என்று நான்தான் விளக்கம் சொல்லியிருக்கிறேன். சுத்தப் புளுகு. எண் சொன்னதைக் காப்பாற்ற, கண்ணால் கண்டதையெல்லாம் வளைத்திருக்கிறேன்.

ஆர்லன் பென்சில் எழுத்திலிருந்து விரலை எடுத்தான்.

"டேப்பு" என்றான்.

தரைக்கும் தன் முட்டிக்கும் நடுவே கையால் அளந்து காட்டினான்.

"தரையிலேருந்து முட்டி வரைக்கும் அளந்தாரு, நெல்டா. இடுப்பை அளக்கல. காலோட முழு நீளத்தை அளக்கல. வாரா வாரம் மைக்குல நானே சொல்றேன், தரையிலேருந்து முட்டி வரைக்கும்னு. கால்சட்டைக்கு எவன்டா முட்டி வரைக்கும் அளப்பான்?"

பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தான். இந்த முறை அழவில்லை. இருந்தாற்போலிருந்து, "எங்கப்பா ஒண்ணுமே குடுக்கலைங்கறதுதான் ஒரு மாதிரி இருக்கு" என்றான், சின்னப் பையன் குரலில்.

"அந்த நாலு மரக்கட்டை யாரு குடுத்ததுன்னு நினைக்கற?" என்றேன். "அவரு உயரம் உனக்கு வந்திருக்கலைன்னா கட்டை எதுக்கு?"

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். சிரிக்கப்போகிறானா, உளியை எடுத்து என் தலையில் போடப்போகிறானா என்று புரியவில்லை. "வீட்டுக்குப் போ நெல்டா" என்றான். போனேன்.

ஞாயிறன்று ஹாலில் நிற்க இடமில்லை. சாசேஜ் வாட்டும் புகையும் பீர் வாசனையும் வாசலிலேயே ஆளை இழுத்தன. கண்ணாடி அலமாரியில் எம்மெட்டின் படம் மட்டும் இருந்தது. பித்தளைத் தகட்டை நான் விடியும் முன்பே வந்து கழற்றி என் கைப்பையில் போட்டுக்கொண்டுவிட்டேன். கேட்டவர்களுக்கு, "எழுத்துப்பிழை" என்றேன். ஆர்லன் வருவானா என்றே எனக்குச் சந்தேகம். ஆனால் ஒன்றே முக்காலுக்கு, கித்தார்ப் பெட்டியும் நாலு மரக்கட்டையுமாக வந்து சேர்ந்தான். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. காலைத் திருகி மாட்டி, கட்டைகளை ஒவ்வொன்றாக அடியில் வைத்து, உட்கார்ந்து வாசித்தான்.

கடைசிச் சுற்றுக்கு முன்னால் கூட்டம் ஆரம்பித்துவிட்டது. "கால்சட்டை! கால்சட்டை!" என்று மேஜையைத் தட்டினார்கள். ஆர்லன் மைக்கைப் பிடித்தான். வாயைத் திறந்தான், மூடினான். "இன்னைக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து, எங்களுக்குக்கூடச் சொல்லாமல் ஒரு வால்ட்ஸ் நடன மெட்டைத் தொடங்கிவிட்டான். நாங்கள் தட்டுத்தடுமாறிப் பின்னால் ஓடினோம். கூட்டத்துக்கு ஏமாற்றம். மின்விசிறிப் பக்கத்து மேஜையில் லாடி பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் ஆர்லன் நேரே அந்த மேஜைக்குப் போனான். அக்கார்டியனைக் கழற்றாமலே நானும் பின்னால் போனேன். போயிருக்கக்கூடாதுதான். ஆனால் தப்புச் செய்தவளுக்கு அது எப்படி முடிகிறது என்று பார்க்க உரிமை உண்டு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

லாடிதான் முதலில் பேசினார். "ஏம்பா, கால்சட்டைக் கதையைச் சொல்லல? உடம்பு சரியில்லையா?"

ஆர்லன் அவர் எதிரே உட்கார்ந்தான். அவ்வளவு நெட்டை உடம்பும் அந்த நாற்காலியில் மடங்கிச் சின்னதாகிவிட்டது.

"கால்சட்டை வந்துருச்சு சார்" என்றான். "அப்பவே வந்துருச்சு. எனக்குத்தான் தெரியல."

கிழவர் என்னைப் பார்த்தார். நான் அக்கார்டியனுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டேன். அவர் மேஜை மேல் இருந்த ஈரவட்டத்தைக் கட்டைவிரலால் துடைத்தார்.

"உங்கம்மா கேட்டுக்கிட்டா. உங்கப்பா குடுத்ததா இருக்கட்டும், பையன் தேறிக்குவான்னா. எனக்கும் அதான் சரின்னு பட்டுச்சு. நான் குடுத்தா நீ தொட்டிருக்க மாட்ட."

"தொட்டிருக்க மாட்டேன்" என்று ஆர்லன் ஒப்புக்கொண்டான்.

"டீட்ஸ் வீட்டுப் பாதை மழைக்குக் குண்டும் குழியுமாக் கிடந்துச்சு. அதைச் சரிபண்ணிக் குடுத்தேன். அவருகிட்ட வரிசை நீளம், என்னை முன்னால விட்டாரு." இதை ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்வது போலத்தான் சொன்னார்.

"அம்பத்தோரு வருஷமா ஊரைக் கூட்டி வெச்சு உங்களைக் கேலி பண்ணியிருக்கேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள் நீங்க வாயைத் திறந்து..."

"எதுக்கு?" லாடி உண்மையிலேயே புரியாமல் கேட்டார். "நல்லாத்தானே இருந்துச்சு. வாரா வாரம் மைக்குல என் பேரைச் சொன்னியே."

என் அக்கார்டியன் தானாக ஒரு மூச்சு விட்டது. தோல்பட்டையை இழுத்துப் பிடித்தேன். ஆர்லன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான், இருபது வருஷத்துக்கு முன்னால் மேடை விளிம்பில் வைத்துக்கொண்டது போலவே. இந்த முறை அவன் தோளில் கை வைக்க வேண்டியது நான் இல்லை என்று எனக்கே தெரிந்தது. வைக்க வேண்டியவர் வைத்தார். சாலை சமன்செய்யும் வண்டியின் ஸ்டியரிங்கைப் பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன கை.

"அளவு சரியா இருந்துச்சா?" என்று கேட்டார்.

"ஒரு வருஷம் சரியா இருந்துச்சு சார். அப்புறம் வளந்துட்டேன்."

"அதானே. பெருசாச் சொல்லியிருக்கணும். டீட்ஸ் வேண்டாம்னுட்டாரு." கொஞ்சம் யோசித்தார். "அடுத்த வாரம் கதையைச் சொல்லிரு. நிறுத்திறாத."

கித்தார் அலமாரிக்குள் போகவில்லை. அங்கே எம்மெட்டின் படம் தனியாக, உயரமாக நிற்கிறது. பித்தளைத் தகடு என் இழுப்பறையில் ஒன்பது உளிகளோடு கிடக்கிறது. பட்டியலில் 191-க்கு நேரே "கிடைக்கவில்லை" என்பதை அடித்துவிட்டு வருஷத்தை எழுதினேன். இப்போது கூப்பிடுகிறவர்களிடம் எண்ணைக் கேட்பதற்கு முன்னால், சாவித்தலை எந்தக் கைப்பக்கம் இருக்கிறது என்று கேட்கிறேன். பிறகு பென்சில் எழுத்தையும் கேட்கிறேன்.

அடுத்த ஞாயிறு ஆர்லன் மைக்கைப் பிடித்தான். ஹோலுப் சார், டேப்பு, தரையிலேருந்து முட்டி வரைக்கும், எல்லாம் ஒரு வார்த்தை மாறாமல் சொன்னான். ஹால் முழுக்க "இன்னும் கால்சட்டை வரல!" என்று கத்தியது. மின்விசிறிப் பக்கத்து மேஜையிலிருந்து ஒரு கிழட்டுக் குரலும் சேர்ந்து கத்தியதை மேடையிலிருந்து நான் கேட்டேன்.